ஜாஸ் குழு ஆரம்பிச்சு சொந்தப் பாட்ட ரிலீஸ் பண்ணணுமா? நாங்க பட்டத நீங்க படாம இருக்க

அஞ்சு பேர், எட்டு சொந்தப் பாட்டு, ஒரு ஆல்பம். ஆறு மாசத்துல முடிச்சிடலாம்னு கெளம்புனோம், ரெண்டே கால் வருஷம் ஆச்சு. வாசிக்கத் தெரியாம தடுமாறுன நேரம்னு கணக்குப் பாத்தா ரொம்பக் கம்மி. மிச்சம் அத்தனையும் பேப்பர்ல போச்சு. ரெண்டு வகை பேப்பர் இருக்கு, ஒண்ணு ஸ்டாண்டுல வெக்கிற சார்ட் (நோட்டு எழுதுன தாள்), இன்னொண்ணு யாருக்கு எவ்வளவு பங்குன்னு எழுதி கையெழுத்து போடுற பேப்பர். ரெண்டையும் தள்ளிப் போட்டுட்டே இருந்தோம், ரெண்டும் சேந்து வந்து கழுத்தப் புடிச்சுது. அதனாலதான் இத உக்காந்து எழுதுறேன். சின்ன குழுவா, மூணுல இருந்து ஏழு பேர் வரைக்கும் இருக்கீங்க, சொந்தமா எழுதுன மியூசிக்க வெளிய கொண்டு வரணும்னா இந்த வரிசையில போங்க.

1. மொதல்ல பேஸும் ட்ரம்ஸும்

எல்லாரும் மொதல்ல நல்ல சாக்ஸ் ஆளத் தேடுவாங்க. நானும் அப்டிதான் தேடுனேன், தப்பு. ஸ்விங், போஸா நோவா, ஃபங்க், வால்ட்ஸ், மெதுவான பாலட்னு எல்லாம் வாசிக்கிற குழு வேணும்னா அது பேஸும் ட்ரம்ஸும் கையில இருக்கு. ஸ்விங்ல எட்டாம் நோட்டு (அரை பீட் நோட்டு) ஊஞ்சல் மாதிரி நீளம் குட்டை நீளம் குட்டைன்னு போகும், போஸாவுல எல்லாம் ஒரே அளவு. இந்த மாத்தத்த ஒரு ட்ரம்மர் நிமிஷத்துல பண்ணிடுவார், இன்னொருத்தர் போஸாவயும் லேசா ஆட்டிட்டே இருப்பார், அப்புறம் மேல யார் எவ்வளவு நல்லா வாசிச்சாலும் பாட்டு நொண்டும். ஆள் எடுக்கும்போது வேகமா வாசிக்கச் சொல்லி டெஸ்ட் பண்ணாதீங்க. ட்ரம்மருக்கு குச்சிக்குப் பதிலா ப்ரஷ்ஷக் கையில குடுத்து நிமிஷத்துக்கு 60 பீட்ல ஒரு பாலட் வாசிக்கச் சொல்லுங்க, பேஸ்காரர பாருக்கு (ஒரு தாளச் சுத்துக்கு) வெறும் ரெண்டு நோட்டு வாசிக்கிற டூ ஃபீல்ல 32 பார் போகச் சொல்லுங்க. அங்க தெரிஞ்சிடும்.

2. பேரு

பேர் வெக்கிறதுக்கு முன்னாடி எல்லா ஸ்ட்ரீமிங் ஆப்லயும் அந்தப் பேரத் தேடிப் பாருங்க. அதே பேர்ல வேற யாராவது இருந்தா உங்க பாட்டு அவங்க பக்கத்துல போய் உக்காந்துக்கும், சரி பண்ண மெயில் மேல மெயில் போடணும். பொதுவான வார்த்தைக்குப் பின்னாடி குவார்டெட் (நாலு பேர்), குவின்டெட் (அஞ்சு பேர்)னு ஒட்டி வெக்கிற பழக்கத்துலயும் ஒரு வம்பு இருக்கு, ஆள் எண்ணிக்கை மாறுனா பேரும் பொய்யாயிடும். எங்களுக்கு அதுவும் ஆச்சு.

3. சார்ட் எழுதுறது (இங்கதான் நேரம் ஒதுக்கணும்)

எங்க மொத ரிகர்சல் எப்டி இருந்துச்சுன்னு சொல்றேன். பாட்டு எஃப் கீ, அதாவது எஃப் ஸ்வரம்தான் ஆதாரம். நான் பியானோவுல எழுதுன ஒரே தாள அஞ்சு காப்பி எடுத்து எல்லாருக்கும் குடுத்துட்டேன். ஒன் டூ த்ரீ ஃபோர் சொன்னதும் பியானோ எஃப்ல, ட்ரம்பெட் ஈ ஃப்ளாட்ல, ஆல்டோ சாக்ஸ் ஏ ஃப்ளாட்ல, மூணும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சுது. ட்ரம்மர் மட்டும்தான் சரியா வாசிச்சார்.

விஷயம் என்னன்னா, ட்ரம்பெட்டும் டெனர் சாக்ஸும் பி ஃப்ளாட் வாத்தியம், ஆல்டோவும் பாரிடோனும் ஈ ஃப்ளாட் வாத்தியம். அவங்க தாள்ல சி பாத்து ஊதுனா பியானோவுல அது பி ஃப்ளாட் இல்லன்னா ஈ ஃப்ளாட். அதனால ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா மாத்தி எழுதணும். ட்ரம்பெட்டுக்கு ஒரு முழு ஸ்வரம் மேல, டெனருக்கு ஒரு ஆக்டேவும் ஒரு முழு ஸ்வரமும் மேல, ஆல்டோவுக்கு ஒரு மேஜர் சிக்ஸ்த் மேல, பாரிடோனுக்கு அதோட இன்னொரு ஆக்டேவ். ட்ராம்போனுக்கு மாத்த வேணாம், பேஸ் க்ளெஃப்ல அப்டியே எழுதலாம். மியூஸ்ஸ்கோர் மாதிரி இலவச சாஃப்ட்வேர் இத ஒரு க்ளிக்ல பண்ணிடும், ஆனா பண்ணதக் கண்ணால பாக்காம ப்ரின்ட் எடுக்காதீங்க. கிடார்காரங்க ஈ கீல ஆசையா எழுதிட்டு வருவாங்க, அது ஆல்டோவுக்கு மாறுனா சி ஷார்ப் கீ, தாள்ல ஏழு ஷார்ப் குறி. பாவம் அந்த மனுஷன் என்ன பண்ணுவார். ஊதுற வாத்தியம் இருந்தா எஃப், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட்னு ஃப்ளாட் கீ பக்கம் வந்துடுங்க, எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க.

சார்ட்ல கட்டாயம் இருக்க வேண்டியது:

- இடது மேல் மூலையில ஃபீலும் டெம்போவும். "மீடியம்"னு மட்டும் எழுதாதீங்க, "ஸ்விங், 144"னு நம்பரோட எழுதுங்க.
- எட்டு பாருக்கு ஒரு எழுத்து, ஏ, பி, சின்னு பெருசா பெட்டி போட்டு. வரிக்கு நாலு பார். ரிகர்சல்ல "பில இருந்து போலாம்"னு ஒரு வார்த்தையில முடியும்.
- ஹெட் (பாட்டோட முக்கிய மெலடி) தனி, சோலோவுக்கான கார்டு (சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்) தனி. மெலடிக்குத் தோதா எழுதுன கார்டு சோலோவுக்கு ரொம்ப நெரிசலா இருக்கும், சோலோவுக்குக் கொஞ்சம் இளக்கி எழுதுங்க.
- கார்டு குறியீடு ஒரே ஸ்டைல். ஒரு தாள்ல முக்கோணம், இன்னொண்ணுல மேஜர் செவன்னு எழுத்து, இப்டி கலக்காதீங்க.
- ரெண்டு பக்கத்துக்கு மேல போகக் கூடாது. சாக்ஸ் ஊதிட்டே பக்கம் திருப்ப மூணாவது கை கெடையாது.
- தேதியும் வெர்ஷன் நம்பரும் அடியில. இது இல்லாததால ஒரு பாட்ட ரெக்கார்டிங் அன்னிக்கு ரெண்டு பேர் பழைய கோடாவும் (முடிவுப் பகுதி) மூணு பேர் புது கோடாவும் வாசிச்சோம். நல்ல டேக் (ஒரு தடவ வாசிச்சு பதிவு பண்ணது) அது, தூக்கிப் போட வேண்டியதாச்சு.

இன்னொண்ணு. மூணு பேராவும் வாசிக்கணும், ஏழு பேராவும் வாசிக்கணும்னா ரெண்டு தடவ எழுத வேணாம். மெலடி, கார்டு, பேஸ் லைன், இந்த மூணு மட்டும் இருந்தாலே பாட்டு நிக்கிற மாதிரி எழுதிட்டு, மத்த ஹார்மனி வரிய சின்ன நோட்டுல "இருந்தா வாசிக்கவும்"னு போட்டுடுங்க. ஆள் வந்தா அடர்த்தி, வராட்டி காத்தோட்டம். எங்க எட்டுல ஆறு பாட்டு இப்டி நிக்குது, மத்த ரெண்டும் ட்ரம்பெட் இல்லாம வாசிச்சா பல்லு போன மாதிரி இருக்கும், அத அப்டியே விட்டுட்டோம்.

4. ரிகர்சல்

ஒரு பாட்டுக்கு ரெண்டு ரிகர்சல் போதும்னு சிலர் சொல்வாங்க. எழுதிக் குடுத்த சார்ட் சுத்தமா இருந்தா சரிதான். நேரத்தோட பாதிய ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் குடுங்க. நடுவுல ஏதாவது சறுக்குனா கேக்கறவங்க அது சோலோன்னு நெனச்சுப்பாங்க, முடிவுல சறுக்குனா ஊருக்கே தெரியும். சோலோ யாருக்கு எத்தன சுத்து, ட்ரம்ஸோட நாலு நாலு பாரா மாத்தி வாசிக்கறது எங்க வருது, திரும்ப ஹெட்டுக்கு யார் கை காட்டறது, இதெல்லாம் முடிவு பண்ணிடுங்க. ஒவ்வொரு ரிகர்சலயும் ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. தரத்துக்காக இல்ல, அடுத்த ஸ்டெப்ல அது சாட்சி.

5. பங்கு பேப்பர், ஸ்டூடியோவுக்கு முன்னாடியே

இத நண்பர்களுக்குள்ள கேக்க எல்லாருக்கும் கூச்சம். எனக்கும் இருந்துச்சு. பாட்டு நான் எழுதுனது, ஆனா ரிகர்சல்ல சாக்ஸ் நண்பர் சும்மா ஊதுன நாலு பார் ரொம்ப நல்லா இருந்ததால அதயே இன்ட்ரோவா வெச்சுக்கிட்டோம். பாட்டு வெளிய வந்து, எல்லாரும் மொதல்ல முணுமுணுக்கறது அந்த நாலு பாரத்தான். அப்புறம்தான் அவர் மெதுவா கேட்டார், எனக்கு இதுல பேர் உண்டான்னு. நியாயமான கேள்வி. பேசி முடிக்க அஞ்சு மாசம், நடுவுல ரெண்டு கச்சேரி அவர் வரல. ட்ரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸோட 1959 ஆல்பத்துல ஒரு பாலட் யார் எழுதுனதுன்னு பியானோ வாசிச்ச பில் எவன்ஸ் பக்கம் இருந்து கெளம்புன பேச்சு இன்னும் ஓயல, நாமெல்லாம் எம்மாத்திரம்.

மொதல்ல ரெண்டு உரிமை வேற வேறன்னு புரிஞ்சுக்கணும். பாட்டு உரிமைங்கறது மெலடி, ஹார்மனி எழுதுனவங்களோடது. மாஸ்டர் உரிமைங்கறது அந்தக் குறிப்பிட்ட ரெக்கார்டிங்கோட சொந்தக்காரர் யாருங்கறது. நான் எழுதுன பாட்ட நாளைக்கு வேற குழு ரெக்கார்ட் பண்ணா பாட்டு உரிமை எனக்கு, அந்த மாஸ்டர் அவங்களுக்கு. ஜாஸ்ல சோலோ அங்கயே பொறக்கறதால குழப்பம் ஜாஸ்தி. நாங்க வெச்ச விதி இதுதான்: ஹெட், இன்ட்ரோ, முடிவு, எல்லா தடவையும் அதே மாதிரி வாசிக்கிற வரி, இது எழுத்து, பாட்டு உரிமையில பங்கு. அன்னிக்கு அன்னிக்கு மாறுற சோலோ வாசிப்பு, அதுக்கு மாஸ்டர்ல பங்கு. உங்க விதி வேறயா இருக்கலாம், ஏதோ ஒண்ணு இருக்கணும்.

பாட்டுக்கு ஒரு தாள். அதுல பாட்டுப் பேர், தேதி, ஒவ்வொருத்தரோட சட்டப்படியான முழுப் பேர் (மேடைப் பேர் பத்தாது), எழுத்துல எத்தன சதவீதம், மாஸ்டர்ல எத்தன சதவீதம், ஐபிஐ நம்பர் (எழுதுனவரோட அடையாள எண்) இருந்தா அது, கையெழுத்து. ரெண்டும் தனித்தனியா கூட்டுனா 100 வரணும். சிரிக்காதீங்க, எங்க மொத தாள் 105 வந்துச்சு. பங்கு இல்லாம ஒரு நாள் கூலிக்கு வாசிக்க வர்றவர் இருந்தா அவருக்குத் தனி தாள்: எவ்வளவு பணம், எப்ப, இதோட முடிஞ்சுதா இல்லயா, பேர் எப்டி போடணும்.

காப்புரிமைக்குத் தனியா பதிவு பண்ணணுமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. பெர்ன் ஒப்பந்தத்துல இருக்கற நாடுகள்ல பாட்ட எழுதுன உடனே உரிமை வந்துடுது, பதிவு ஒரு நிபந்தனை இல்ல. ஆனா பணம் வசூல் ஆகணும்னா எழுதுனவங்க ராயல்டி வசூல் சங்கத்துல சேரணும், அங்க சேந்தா ஐபிஐ நம்பர் கெடைக்கும், பாட்ட பதிவு பண்ணா ஐஎஸ்டபிள்யூசி நம்பர் (பாட்டோட அடையாள எண்), அது டி (T) எழுத்துல ஆரம்பிக்கும். உடனே கெடைச்சிடாது, இந்த வேலைய ரிகர்சல் நடக்கும்போதே போட்டுடுங்க.

வேற ஒருத்தர் பாட்ட ஆல்பத்துல சேக்கறீங்கன்னா லைசென்ஸ் வேணும், பழசு ஜாஸ்னா ஃப்ரீன்னு நெனைக்காதீங்க, நிறைய ஸ்டாண்டர்டுக்கு (எல்லாரும் வாசிக்கிற பழைய ஜாஸ் பாட்டு) இன்னும் உரிமை இருக்கு. பழைய கார்டு வரிசை மேல புது மெலடி எழுதறது ஜாஸ்ல காலங்காலமா நடக்கறது, அதுக்குப் பொதுவா பிரச்சன வர்றதில்ல, ஆனா பழைய மெலடியோட ஒரு துண்டு உள்ள வந்தாலும் கத மாறிடும்.

6. ஸ்டூடியோ

ஜாஸ்க்கு எல்லாரும் ஒரே நேரத்துல வாசிக்கணும், தனித்தனியா ரெக்கார்ட் பண்ணி ஒட்டுனா ஒருத்தர் சொன்னதுக்கு இன்னொருத்தர் பதில் சொல்றது போயிடும். அதனால ஸ்டூடியோ புக் பண்ணும்போது கேக்க வேண்டிய மொத கேள்வி விலை இல்ல, "அஞ்சு பேர் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு வாசிக்க முடியுமா"ங்கறது. ரெண்டாவது, டபுள் பேஸுக்குத் தனி அறை இல்ல தடுப்பு இருக்கா. இல்லன்னா பேஸ் மைக்ல பாதி ட்ரம்ஸோட சிம்பல்தான் கேக்கும். எல்லாரும் ஒரே அறையில இருந்தா சத்தம் எல்லா மைக்லயும் கசியும், அதனால ஒருத்தர் தப்ப மட்டும் தனியா மாத்த முடியாது, முழு டேக்கும் திரும்ப. தடுப்பு போட்டா மாத்தலாம், உயிர் கொஞ்சம் கொறையும். நாங்க ஹெட்போன் போட்டு பேஸ மட்டும் தனி அறையில வெச்சோம்.

பியானோ ட்யூனிங் அன்னிக்குக் காலையில நடக்கணும், அதுக்குக் காசு யார் தர்றதுன்னு முன்னாடியே கேளுங்க. ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸா 442ஆன்னும் கேளுங்க. ஊதுற வாத்தியம் சூடேற ஏற ஸ்ருதி ஏறும், அறையோட ஏசிய பாதியில மாத்தாதீங்க.

நேரக் கணக்கு: மைக் வெச்சு சவுண்ட் பாத்து முடிக்கவே மூணு மணி நேரம் போகும், ட்ரம்ஸ்க்குத்தான் பாதி. ஒரு நாளைக்கு நாலு பாட்டு, நல்லா போனா அஞ்சு. பாட்டுக்கு மூணு டேக், நாலாவது டேக் நல்லா வந்ததா எங்களுக்கு ஞாபகமே இல்ல. வரிசையையும் யோசிங்க, மொதல்ல கை பழகுன மீடியம் டெம்போ பாட்டு, அப்புறம் உடனே ட்ரம்பெட் மேல போற கஷ்டமான பாட்டு, ஏன்னா உதடு சாயங்காலத்துக்குள்ள களைச்சுடும். பாலட் கடைசியில. ஒவ்வொரு டேக்கும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மெட்ரோனோம் பாத்து அதே டெம்போவுல எண்ணுங்க, வாசிக்கும்போது காதுல க்ளிக் சத்தம் ஓட வேணாம், எண்ணிக்கைக்கு மட்டும். அப்பதான் ரெண்டாவது டேக்கோட ஹெட்டயும் மூணாவது டேக்கோட சோலோவயும் சேக்க முடியும்.

வெளிய வரும்போது 24 பிட் வேவ் ஃபைலா எல்லா ட்ராக்கும், ரெண்டு ஹார்ட் டிஸ்க்குல, ரெண்டு வேற வீட்டுக்கு. ஹார்ட் டிஸ்க் காசு பட்ஜெட்ல எழுதலன்னா அன்னிக்கு யாரோ ஒருத்தர் தலையில விழும்.

7. மிக்ஸ், மாஸ்டரிங்

மிக்ஸ் (எல்லா ட்ராக்கயும் அளவா சேக்கறது) பண்றவர் ஜாஸ் கேக்கறவரா இருக்கணும், இது ஒண்ணுதான் விதி. எத்தன தடவ திருத்தம் இலவசம்னு எழுத்துல வாங்குங்க, பெரும்பாலும் ரெண்டு மூணுதான், அதுக்கு மேல தனிக் காசு. அஞ்சு பேரும் தனித்தனியா கருத்து அனுப்புனா எல்லாரும் அவங்கவங்க வாத்தியத்த ஏத்தச் சொல்வாங்க, ஒருத்தர் தொகுத்து அனுப்புங்க. மாஸ்டரிங்ல (மிக்ஸுக்கு அப்புறம் வர்ற கடைசி மெருகு) சத்தத்த நசுக்கி ஏத்தச் சொல்லாதீங்க. ஸ்பாட்டிஃபை வழக்கமா மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்த அளக்கற அலகு) பக்கம் எல்லாத்தயும் கொண்டு வந்துடுது, நீங்க நசுக்கி அனுப்புனா அவங்க கொறச்சுடுவாங்க, ப்ரஷ் சத்தம் போனது போனதுதான்.

செலவு எப்டி பிரிஞ்சுதுன்னா, எங்களுக்கு மொத்தத்துல பாதிக்குக் கொஞ்சம் கீழ ஸ்டூடியோவும் இன்ஜினியரும், கால்வாசி மிக்ஸ் மாஸ்டரிங், மிச்சம் ரிகர்சல் வாடகை, பியானோ ட்யூனிங், கவர், போக்குவரத்துன்னு சில்லறையா கரைஞ்சுது. அந்தச் சில்லறையத்தான் நாங்க எழுதவே இல்ல.

8. அப்லோட், கோடு, தேதி

ஸ்ட்ரீமிங்ல நேரா போட முடியாது, டிஸ்ட்ரிப்யூட்டர் (பாட்ட ஆப்புகளுக்கு அனுப்பற கம்பெனி) வழியாத்தான். சிலர் வருஷக் கட்டணம், சிலர் ஒரே தடவ கட்டணம், சிலர் வருமானத்துல பங்கு. வருஷக் கட்டணம்னா, கட்டறத நிறுத்துனா பாட்டு எறங்கிடுமான்னு விதிமுறையப் படிங்க.

ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் எழுத்தும் எண்ணும் கலந்து 12 இடத்துல ஐஎஸ்ஆர்சிங்கற அடையாளக் கோடு வரும். டிஸ்ட்ரிப்யூட்டர மாத்துனாலும் அதே ரெக்கார்டிங்குக்கு அதே கோடுதான் குடுக்கணும், புதுசு போட்டா இதுவரைக்கும் கேட்ட எண்ணிக்கை பூஜ்யம் ஆகிட வாய்ப்பிருக்கு. வேற டேக், லைவ் வெர்ஷன்னா புது கோடு. ஒரு ஷீட்ல எல்லாத்தயும் எழுதி வெச்சுக்கோங்க.

கவர் படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரம். அதுல வெப்சைட் முகவரி, சோஷியல் மீடியா பேர், விலை எதுவும் இருக்கக் கூடாது. எங்க கவர்ல கீழ குட்டியா குழு வெப்சைட் இருந்துச்சு, திருப்பி அனுப்பிட்டாங்க, ரிலீஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது. திருத்தி அனுப்பி சரியாகறதுக்குள்ள ப்ளேலிஸ்ட்டுக்கு சொல்ற நேரம் தாண்டிடுச்சு. ஸ்பாட்டிஃபைல கொறஞ்சது 7 நாளுக்கு முன்னாடி, ஆல்பத்துல ஒரே ஒரு பாட்ட மட்டும்தான் ப்ளேலிஸ்ட் எடிட்டர்களுக்கு சொல்ல முடியும். அதனால ஆறு வாரம் முன்னாடி அப்லோட் பண்ணுங்க. ஆறு வாரம் கழிச்சு தேதி இருக்கேன்னு கடுப்பா இருக்கும், இருக்கட்டும்.

காசு விஷயம் வெளிப்படையா சொல்லிடறேன். 30 செகண்ட் கேட்டாத்தான் ஒரு கணக்கு, ஒன்பது நிமிஷப் பாட்டும் ரெண்டு நிமிஷப் பாட்டும் அதே ஒண்ணு. 2024ல இருந்து 12 மாசத்துல 1000 தடவ கேக்கப்படாத ட்ராக்குக்கு ஸ்பாட்டிஃபைல ராயல்டி கெடையாது. எங்க எட்டுல மூணுதான் அந்தக் கோட்டத் தாண்டுச்சு. ரசிகர்கள் நேரா காசு குடுத்து வாங்கற பேண்ட்கேம்ப் தளத்துல டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதமும், எல்பி (வினைல் தட்டு), சிடி மாதிரி பொருளுக்கு 10 சதவீதமும், அதோட பணப் பரிமாற்றக் கட்டணமும் புடிப்பாங்க, மிச்சம் நமக்கு. போட்ட காசுல கொஞ்சமாவது எங்களுக்குத் திரும்பி வந்தது அங்கயும் கச்சேரியிலயும்தான்.

9. எல்பி போடணுமா?

மொத ஆல்பத்துக்கு வேணாம்கறது என் கட்சி. போடுறதுன்னா பாட்டு வரிசைய முன்னாடியே யோசிங்க, 12 இன்ச் தட்டுல ஒரு பக்கத்துக்கு 18ல இருந்து 22 நிமிஷம் வரைக்கும்தான் நல்லா கேக்கும். டெஸ்ட் ப்ரெஸ்ஸிங் (மாதிரித் தட்டு) கேட்டு சரின்னு சொல்றதுக்கெல்லாம் சேத்து மாசக்கணக்குல ஆகும்.

10. கச்சேரிக்கு அனுப்ப வேண்டியது

புக் பண்றவங்களுக்கு ரொம்ப அனுப்பாதீங்க. மூணு பாட்டு லிங்க், வெட்டி ஒட்டாத ஒரே லைவ் வீடியோ, குழு பத்தி ஒரு பத்தி, ரெண்டு போட்டோ. "நாங்க எல்லாம் வாசிப்போம்"னு எழுதாதீங்க, மூணு பேரா வந்தா இப்டி, அஞ்சு பேரா வந்தா இப்டின்னு ரெண்டு வீடியோ காட்டுனா அவங்களே புரிஞ்சுப்பாங்க. ஒத்துக்கிட்டாங்கன்னா மேடையில யார் எங்கன்னு ஒரு படம், எத்தன மைக், எத்தன லைன்னு ஒரு பட்டியல், பியானோ இருக்கா கீபோர்டான்னு ஒரு கேள்வி. பியானோ இருக்குன்னு சொன்னா கடைசியா எப்ப ட்யூன் பண்ணீங்கன்னும் கேளுங்க.

வாசிச்சு முடிச்ச அன்னிக்கு ராத்திரியே என்ன பாட்டு வாசிச்சோம்ங்கற லிஸ்ட்ட ராயல்டி சங்கத்துக்கு அனுப்பிடுங்க, பல நாட்டுல சொந்தப் பாட்ட மேடையில வாசிச்சாலும் எழுதுனவருக்குப் பணம் உண்டு, லிஸ்ட் போகலன்னா வராது. லிஸ்ட் அனுப்ப கடைசித் தேதி இருக்கும், அது ஒவ்வொரு சங்கத்துக்கும் வேற. எங்க குழுவுல இந்த வேலை சாக்ஸ் நண்பர்கிட்ட இருக்கு, அந்த நாலு பார் இன்ட்ரோவுக்கு அவர் பேர் போட்ட தாள் வந்த நாள்ல இருந்து ஒரு தடவ கூட மறக்கல.